வேலை பழக்கியவருக்கே மேலதிகாரி ஆனால்

கேள்வி: வயது 33. கொழும்புக் கோட்டையில் 40 பேர் வேலை செய்யும் ஒரு கிளியரிங் நிறுவனத்தில் (இறக்குமதிச் சாமானைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் வேலை) 11 வருடமாக இருக்கிறேன். எனக்கு மேலே இருந்த இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட, ஜனவரியில் என்னை இறக்குமதி ஆவணப் பிரிவுக்கு முகாமையாளர் ஆக்கினார்கள். என் கீழ் எட்டுப் பேர். அதில் ஒருவர் 54 வயது அண்ணை. 28 வருடமாக இங்கே இருக்கிறார். எனக்கு வேலை பழக்கியதே அவர்தான். இந்தப் பதவிக்கு அவரை நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. இப்போது கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "பிள்ளை, நீர் இதை இப்ப விடும்" என்கிறார். வாடிக்கையாளர் முன்னாலும் அதே கதைதான். ஐம்பது தாண்டிய சிங்கள ஊழியர் ஒருவர் என்னை "நங்கி" (தங்கச்சி) என்கிறார். பக்கத்துப் பிரிவில் என் வயதுள்ள ஆண் முகாமையாளரை "சேர்" என்கிறார். கொஞ்சம் வயது கூடத் தெரியட்டும் என்று தினமும் சேலை கட்டுகிறேன், பவர் இல்லாத கண்ணாடியும் போடுகிறேன். அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வருகிறது. அண்ணைக்கு இந்த வயதில் இதெல்லாம் ஏறாது என்பதால் பயிற்சிக்கு இரண்டு இளையவர்களின் பெயரை மட்டும் கொடுத்தேன். மூன்றாவது இடம் இன்னும் சும்மா கிடக்கிறது. போன மாதம் எல்.ஈ.டி. விளக்குக் கன்டெய்னர் ஒன்றில், சுங்க வரிக்குப் போடும் பொருள் குறியீட்டில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது பணிப்பாளர், "இளரத்தம் வேணும். 50க்கு மேல யார் யாரை அனுப்பலாம் எண்டு ஒரு லிஸ்ட் தாரும்" என்கிறார். ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருக்கிறது. இரவில் தூக்கமும் வரவில்லை. என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், வெள்ளவத்தை)

பதில்: "அன்புள்ள தங்கச்சி" என்று எழுதிவிட்டு வெட்டினேன். அன்புள்ள வாசகிக்கு.

எனக்கு வயது 57. கொழும்பு நிறுவனங்களில் மனிதவளப் பிரிவில் 25 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். இதைப் பற்றிப் பயிற்சி வகுப்பெல்லாம் நடத்தியிருக்கிறேன். அப்படி இருந்தும் 33 வயதுப் பெண்ணின் கடிதம் என்றவுடன் என் பேனை தானாகத் தங்கச்சிக்குத்தான் போனது. உங்கள் அண்ணையின் வயதுக்காரன், அவர் பக்கம் சாய்வேன் என்று நீங்கள் பயந்தால் அது நியாயம். கொஞ்சம் சாயத்தான் போகிறேன். ஆனால் முதலில் உங்கள் பக்கம்.

தமிழில் ஒருவரைப் பார்த்து ஒரு வசனம் சொல்ல வேண்டுமென்றால் நீ, நீர், நீங்கள் என்ற மூன்றில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். எடுத்த உடனேயே யார் மூத்தவர், யார் இளையவர் என்ற கணக்கு முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தாரின் "நீர்" மரியாதைக் குறைவான சொல் கிடையாது. மாமனார் மருமகனுக்கும், அதிபர் இளம் ஆசிரியருக்கும் சொல்வது. ஆனால் மேலதிகாரிக்குச் சொல்வதும் கிடையாது. ஆகவே "பிள்ளை, நீர் இதை இப்ப விடும்" என்றதில் அவர் உங்களை அவமதித்தார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் விஷயம் விளங்கியிருக்கும். "நங்கி"யும் அதே ரகம்தான். முறைப்பாடு செய்தால் "பாசத்தில்தானே சொல்லுறார்" என்பார்கள். பாசம்தான், யார் இல்லை என்றது? அந்தப் பாசம் பக்கத்துப் பிரிவு ஆளை ஏன் "மல்லி" (தம்பி) என்று கூப்பிடவில்லை என்பதுதான் கேள்வி. அந்தப் பொடியனுக்கும் முதல் மாதம் மல்லிதான் கிடைத்திருக்கும். இரண்டாம் மாதம் சேர் ஆகியிருப்பார். உங்களுக்கு மிஸ் ஆவதற்கே மூன்று வருடம் எடுக்கும் போலிருக்கிறது. வயதுச் சிக்கலோடு பெண் என்பதும் சேர்ந்துகொண்டால் இப்படித்தான்.

வயதுப் பாகுபாடு என்றால் முதியவர்களுக்கு நடப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உலக சுகாதார அமைப்பு 2021இல் இதைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு முதியவர்கள் பற்றித் தவறான முன்முடிவு இருக்கிறது என்ற வரிதான் செய்திகளில் வந்தது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. ஐரோப்பாவில், வயதைக் காரணம் காட்டித் தங்களை மட்டம் தட்டினார்கள் என்று மற்ற எல்லா வயதினரையும்விட இளையவர்களே அதிகம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இது உங்கள் மனப்பிரமை இல்லை.

சரி, என்ன செய்வது? அலுவலகத்துக்குள் "பிள்ளை"யை விட்டுவிடுங்கள். 11 வருடம் கூப்பிட்ட வாயை ஒரே ஜனவரியில் மாற்ற முடியாது. மாற்ற வைத்தாலும் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. வெளி ஆட்கள் முன்னாலும் ஈமெயிலிலும் மட்டும் விடக் கூடாது. அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம், மனிதவளப் பிரிவு மூலமும் வேண்டாம். ஒரு நாள் பிளேன்டீ நேரத்தில் அவருடைய மேசைக்கு நீங்களே போய், உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள்: "அண்ணை, நீங்கள் பிள்ளை எண்டுறது எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளி ஆக்கள் இருக்கேக்க மட்டும் மிஸ் எண்டு சொல்லுங்கோ. நாளைக்கு அவை என்ர கையெழுத்தை நம்பித்தான் சாமான் எடுக்கப் போகினம்." கேட்பது மரியாதையை அல்ல, வேலைக்குத் தேவையான ஒன்றை. அவருக்கு அது விளங்கும். 28 வருடம் வாடிக்கையாளரைப் பார்த்தவர். நங்கிக்காரரிடம் இதையே சிங்களத்தில் நீங்களே சொல்லுங்கள், இடையில் ஆள் வைக்காதீர்கள். ஒருமுறை சொன்னால் போதும். இரண்டாம் முறை சொல்ல வேண்டி வந்தால் அப்போது கொஞ்சம் குரலை இறுக்கலாம்.

சேலையும் கண்ணாடியும் பற்றி. சிறுவயதில் கரிகாலன் கதை கேட்டிருப்பீர்கள். வழக்கோடு வந்த கிழவர்கள் இருவர் இந்தச் சின்னப் பையனா தீர்ப்புச் சொல்லப் போகிறான் என்று தயங்க, அவன் உள்ளே போய் நரைமுடி தரித்து முதியவனாக வந்து தீர்ப்புச் சொன்னான், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். வகுப்பில் இதை அரசனின் கெட்டித்தனமாகச் சொல்லித் தந்தார்கள். எனக்கு இந்த வயதில் அது வேறு மாதிரிப் படுகிறது. அரசனாகவே இருந்தாலும் தலையில் நரை இல்லாவிட்டால் அவன் சொல் எடுபடாது என்றால், அது யாருடைய வெட்கம்? இன்னொன்று, கரிகாலனுக்கு அது ஒரு நாள் வழக்கு. நீங்கள் மாதம் 22 நாள் வேஷம் போட வேண்டும். சேலை பிடித்தால் கட்டுங்கள், அது உங்கள் விருப்பம். பவர் இல்லாத கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். உங்களை 22 வயதிலிருந்து பார்த்தவர்களுக்கு உங்கள் வயது தெரியும். கண்ணாடியைப் பார்த்து அவர்கள் பகிடிதான் பண்ணுவார்கள், உங்களுக்குத் தெரியாமல்.

இனி மறுபக்கம்.

"அண்ணைக்கு இந்த வயதில் இதெல்லாம் ஏறாது." இந்த வசனம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. இதற்கு நாலு வரி முன்னால்தான், உங்கள் வயதைப் பார்த்துத் திறமையை முடிவு செய்கிறார்கள் என்று வருந்தியிருக்கிறீர்கள்.

எல்.ஈ.டி. கன்டெய்னரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டதால் இந்தத் தொழிலில் இருக்கும் என் மச்சானிடம் கேட்டேன். அவர் சிரித்தார். பல்பு என்றால் 8539ஆம் தலைப்பு, பொருத்தி வைக்கிற முழு விளக்கு என்றால் 9405. இன்வொய்சில் இரண்டுக்கும் "எல்.ஈ.டி. லைட்" என்றுதான் போட்டிருப்பானாம். கட்டலொக்கை எடுத்து, படத்தைப் பார்த்து, இது கழற்றி மாட்டுகிற பல்பா அல்லது கூரையில் இறுக்குகிற விளக்கா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் போட்டுவிட்டால் வரிக் கணக்குப் பிழைக்கும், சுங்கத்தில் மறிப்பார்கள், தண்டம் கட்ட வேண்டி வரும், கன்டெய்னர் ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்தில் கிடக்கக் கிடக்க வாடகையும் ஏறும். "இதைக் கண்டுபிடிக்கிற ஆளையா அனுப்பப் போகினம்?" என்று மச்சான் கேட்டார். நீங்கள் பெயர் போடாமல் எழுதியதால் நானும் எந்த நிறுவனம் என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நாளே அண்ணைக்கு ஒரு ஃபோன் போயிருக்கும்.

மச்சான் இன்னொன்றும் சொன்னார். அந்தக் குறியீட்டு முறையை உலக சுங்க அமைப்பு சில வருடங்களுக்கு ஒருமுறை திருத்துகிறது. அண்ணை வேலைக்கு வந்த பிறகு 2002, 2007, 2012, 2017, 2022 என்று ஐந்து தடவை மாற்றிவிட்டது. அடுத்தது 2028. பாடமாக இருந்த எண்களை மறந்து புதிதாகப் பழகுவதை அவர் ஐந்து தடவை செய்திருக்கிறார். சுங்கப் பத்திரத்தைத் தட்டச்சில் அடித்தவர்கள் கணினிக்கு மாறியதையும் அவர் தலைமுறை கண்டிருக்கும். ஏறாத மண்டை என்றால் 2002இலேயே ஏறாமல் போயிருக்க வேண்டும்.

வயது கூடிய ஊழியர்கள் பற்றிப் பரவலாக இருக்கும் எண்ணங்களை தோமஸ் இங், டேனியல் ஃபெல்ட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 400க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் சரிபார்த்தார்கள். ஊக்கம் குறைவு, மாற்றத்தை எதிர்ப்பார்கள், யாரையும் நம்ப மாட்டார்கள், உடம்புக்கு முடியாமல் இருப்பார்கள், வீட்டுக் கவலையில் இருப்பார்கள், பயிற்சிக்கு வர மாட்டார்கள் என்ற ஆறில் ஐந்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பயிற்சியில் ஆர்வம் குறைவு என்ற ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆதாரம் இருந்தது. அப்படியென்றால் நீங்கள் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. நான் 25 வருடம் பார்த்ததில், 45 தாண்டியவரின் பெயரைப் பயிற்சிப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. அவரும் இரண்டு மூன்று வருடம் பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்திவிடுகிறார். அப்புறம் "அவருக்கு ஆர்வம் இல்லை" என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுகிறோம். அந்தப் படிவங்களில் சிலதை நானே எழுதியிருக்கிறேன்.

அதைவிட மோசமானதும் செய்திருக்கிறேன். மனிதவளப் பிரிவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஹோட்டலில் கொள்வனவுப் பிரிவைப் பார்த்தேன். எனக்கு 29, களஞ்சியப் பொறுப்பாளருக்கு 53. அவர் எல்லாவற்றையும் ஒரு நீளமான சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். நீல மையில் இருப்பு, சிவப்பு மையில் அவருடைய குறிப்பு. நான் கணினியில் புதுமுறை கொண்டு வந்தேன். எந்தச் சாமான் எந்த அளவுக்குக் குறைந்தால் ஓடர் போட வேண்டும் என்பதை அது தானாகச் சொல்லும். முதல் நாள் எல்லார் முன்னாலும் "இனி இந்தக் கொப்பி தேவையில்லை ஐயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடி, தூசி தட்டி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஏப்ரல் வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முட்டைக்காரர் குருநாகலுக்குப் போய்விட்டார், மீன்காரர் வரவில்லை, காஸ் கொண்டுவருகிறவரும் இல்லை. கணினி கடைசி வரைக்கும் எல்லாம் போதுமான அளவில் இருக்கிறது என்றே சொன்னது, ஏனென்றால் ஒரு கிழமைக்கு ஒருவரும் கடை திறக்க மாட்டார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பதினைந்தாம் திகதி காலை, விருந்தினர் நிறைந்த ஹோட்டலில் முட்டை இல்லை. நான் அவரிடம் கத்தினேன், "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கொப்பியில இருந்தது, சேர்."

எடுத்துப் பார்த்தேன். சிவப்பு மையில் ஒவ்வொரு ஏப்ரலுக்கும் எவ்வளவு, எந்தத் திகதிக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று ஒன்பது வருடக் கணக்கு இருந்தது.

அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்துகொண்டே வாயை மூடி இருந்தது பிழை. இன்று ஒருவர் அப்படிச் செய்தால் எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கச் சொல்வேன். ஆனால் அந்த வாயை மூடியவன் நான். அந்த வருட மதிப்பீட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினேன். 55இல் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் போய்விட்டார்.

உங்கள் அண்ணைக்கு வருவோம். அவரை நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். போட்டியில் உங்களிடம் தோற்றிருந்தால் அது ஒன்று. போட்டிக்கே கூப்பிடவில்லை என்பது வேறு. அது உங்கள் குற்றம் இல்லை, பணிப்பாளரின் குற்றம். ஆனால் அவருக்குத் தினமும் கண்ணில் படுவது நீங்கள். ஜெர்மனியில் 61 நிறுவனங்களில் நடந்த ஓர் ஆய்வில், மேலதிகாரி தன்னைவிட இளையவராக இருக்கும் இடங்களில் ஊழியர்களுக்குக் கோபமும் அச்சமும் கூடியிருந்தது தெரிந்தது. அங்கே வேலையிடத்தில் அக்கா, அண்ணா என்று கூப்பிடுவதெல்லாம் கிடையாது. அங்கேயே அப்படி என்றால் இங்கே சொல்லவா வேண்டும்.

முதல் தடவையாகத் தலைமை ஏற்க ஒரு வயது எல்லை இருப்பதாக நாம் நினைக்கிறோம். ரங்கன ஹேரத் முதன்முதலாக இலங்கை டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கியது 2016இல், சிம்பாப்வேயில். அப்போது வயது 38, கிரிக்கெட்டில் அது தாத்தா வயது. அணித்தலைவர் மத்தியூஸ் காயப்பட்டிருக்காவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. உங்கள் அண்ணைக்கு அந்தப் பதவி உண்மையிலேயே வேண்டுமாக இருந்ததா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், இரங்கவும் வேண்டாம். "அண்ணை, உங்களையும் கூப்பிட்டிருக்க வேணும். கூப்பிடாதது பிழை எண்டுதான் நான் நினைக்கிறன்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு அவர் "விடும் பிள்ளை" என்பார் என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

அந்த லிஸ்ட். இதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று பாகுபாடு காட்டக் கூடாதவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. வயது அதில் இல்லை. அது தவிர அடிப்படை உரிமை வழக்கு அரசுக்கு எதிராகத்தான் போடலாம், தனியார் முதலாளிக்கு எதிராக இல்லை. அமெரிக்காவில் 40 தாண்டியவர்களைப் பாதுகாக்க 1967இலேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் "வயது 35க்கு உட்பட்டோர் விண்ணப்பிக்கவும்" என்று இன்றும் விளம்பரம் வருகிறது. ஆகவே சட்டம் ஒன்றும் இல்லை என்று உங்கள் பணிப்பாளர் நினைத்துக்கொண்டிருக்கலாம். அது பிழை. 2021இன் 28ஆம் இலக்கச் சட்டப்படி, சட்டம் வந்த நேரத்தில் 52 வயதை எட்டாதவர்களுக்கு ஓய்வுபெறும் ஆகக் குறைந்த வயது 60. உங்கள் அண்ணை அதற்குள் வருகிறார். பழைய 55 அவருக்குப் பொருந்தாது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் 1971இன் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். நீங்கள் 40 பேர். அனுமதி இல்லாமல் அனுப்பினால் அண்ணை நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தின் படி ஏறினால் போதும். அங்கே முதலில் எடுத்து வைக்கப்படும் காகிதம் உங்கள் பெயரில் போன "50க்கு மேல்" லிஸ்டாக இருக்கும். பணிப்பாளர் அதை வாயால்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் கொடுப்பது எழுத்தில் இருக்கும்.

"சுயவிருப்ப ஓய்வு" என்று ஒரு பொதி கொண்டு வருவார்கள். அதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். 1983இன் பணிக்கொடைச் சட்டப்படி ஒவ்வொரு வருடச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம். 28 வருடத்துக்கு 14 மாதச் சம்பளம் அவர் எப்படிப் போனாலும் அவருக்கு உரியது. அதையே பரிசு மாதிரி உறையில் போட்டு நீட்டினால் அது பொதி இல்லை. ஊழியர் சேமலாப நிதியைச் சாதாரணமாக எடுக்க ஆணுக்கு 55 ஆக வேண்டும், அவருக்கு 54. பிள்ளைகள் படிக்கிற வயதாகவும் இருக்கலாம். நீங்கள் நிம்மதி என்று எழுதியதை நான் குறை சொல்லவில்லை. தூக்கம் வராததுதான் உங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் தந்தது.

லிஸ்ட் தர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. வேறு லிஸ்ட் கொடுங்கள். எட்டுப் பேரின் பெயரும், வயது போடாமல். மேலே வேலைகளை எழுதுங்கள்: குறியீடு பார்ப்பது, சுங்கத்திலிருந்து வரும் கேள்விக்குப் பதில் சொல்வது, கப்பல் கம்பனியில் டெலிவரி ஓடர் எடுப்பது, புது மென்பொருள், வாடிக்கையாளர். யாரால் எதைத் தனியாகச் செய்ய முடியும், எதில் உதவி வேண்டும், அவர் நாளைக்கு வராவிட்டால் அந்த வேலையைச் செய்ய இன்னொருவர் இருக்கிறாரா என்று நிரப்புங்கள். குறியீட்டு வரிசையில் ஒரே ஒரு பெயர் மட்டும் நிற்கும் என்று நினைக்கிறேன். மென்பொருள் வரிசையில் அவர் பெயருக்கு நேரே வெறுமையாக இருக்கும், அதையும் மறைக்காதீர்கள். இந்தத் தாளைக் கொடுத்துவிட்டு, இந்தக் குறையைப் பயிற்சியால் சரிப்படுத்த மூன்று மாதம் தாருங்கள் என்று கேளுங்கள்.

பணிப்பாளர் இளரத்தம் பற்றி மறுபடி எடுத்தால், உங்களுக்கு இந்தக் கதிரை எப்படிக் கிடைத்தது என்பதை அவருக்கு மெதுவாக ஞாபகப்படுத்தலாம். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்கு இந்த நாட்டை விட்டுப் போனார்கள். இளரத்தத்துக்கு விசாவும் சுடச்சுட வருகிறது. நீங்கள் பயிற்சிக்கு அனுப்பும் இரண்டு பேரில் ஒருவர் ஏற்கெனவே ஐ.ஈ.எல்.டி.எஸ். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 54 வயதுக்காரர் கொட்டாஞ்சேனையையோ வத்தளையையோ விட்டு எங்கே போகப் போகிறார்?

மென்பொருளுக்கு அவரையும் பிரிவில் ஆகச் சின்னவரையும் ஒரே திரைக்கு முன்னால் இருத்துங்கள். கீபோர்ட் அவர் கையில் இருக்கட்டும். சின்னவர் வாயால் சொல்லட்டும், கை வைக்கக் கூடாது. பின்னேரம் அரை மணித்தியாலம் அதே இருவரும் இன்வொய்சும் கட்டலொக்கும் எடுத்து இது 8539ஆ 9405ஆ என்று பார்க்கட்டும். அப்போது சின்னவர் பழகுகிறவர். ஒருவர் மட்டும் பழகுகிறவராக இருந்தால் அவருக்குக் கூச்சம் வரும், ரோஷமும் வரும். பெரிய கம்பனிகள் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, படம் எடுத்துப் போட்டு, அடுத்த மாதம் மறந்துவிடுவார்கள். உங்களுக்குப் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் தன் வேலையைச் சின்னவரிடம் தள்ளி அடிப்பித்துக்கொண்டிருந்தால், அப்போது கண்டிப்பாக இருங்கள். திகதி போட்டு எழுதுங்கள், கூப்பிட்டுச் சொல்லுங்கள், திரும்பவும் எழுதுங்கள். 25 வயதுக்காரர் அப்படிச் செய்தால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். 'வயது போனவர், பாவம்' என்று விட்டுவிடுவதும் அவரை வேலை செய்கிற மனிதராக மதிக்காததுதான். அதை அவரும் விரும்ப மாட்டார்.

மூன்றாவது இடம் சும்மா கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெயர் கொடுக்கும் கடைசி நாள் எப்போது என்று பாருங்கள். அவரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். வேறு ஆளை அனுப்ப வேண்டாம், வட்ஸ்அப்பும் வேண்டாம். கேட்கும்போது "உங்களுக்கு விருப்பமோ?" என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்ல அது நல்ல வசதி. "உங்கட பெயரைப் போடுறன் அண்ணை, பயிற்சி காலமை ஒன்பதுக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே படிவத்தை நிரப்புங்கள்.